தண்ணீர்மலை ரதத்துக்குத் தேங்காயைக் கொஞ்சம் குறைப்போமே

 

தைப்பூசம் நெருங்குது. சிலர் திட்டுவீங்கன்னு தெரிஞ்சுதான் இதை எழுதுறோம்.

போன வருசம் ரதம் கடந்த பிறகு நாங்க ரோடு கூட்டிக்கிட்டு இருந்தோம். ஏழெட்டு வயசுப் பையன் ஒருத்தன் அம்மா கையைப் பிடிச்சிக்கிட்டு வெறுங்காலோட வந்தான். சிரட்டைச் சில்லு குதிகால்ல ஏறிடுச்சு. பந்தல்ல உட்கார வச்சு, கழுவி, கட்டுப் போட்டோம். பையன் அழல. "மலை வரைக்கும் நடக்கலாமா?"ன்னு மட்டும் கேட்டான். அம்மாதான் அழுதாங்க.

ரதத்துக்கு முன்னால தேங்காய் உடைக்கிறது பினாங்குக்கே பேர் சொல்ற விசயம். 2017-ல தங்க ரதம் வந்த பிறகு வெள்ளி ரதம், தங்க ரதம்னு ரெண்டு ஆச்சு, தேங்காயும் கூடிப்போச்சு. சீன பக்தர்களும் குவிச்சு வச்சு உடைக்கிறாங்க. யார் நம்பிக்கையையும் குறை சொல்ல நாங்க வரல.

ஆனா சிதறுகாய்னா என்ன? அந்தக் காலத்துல உடைச்ச உடனே பிள்ளைங்க ஓடி வந்து பொறுக்கித் தின்னும். சாமிக்கும் ஆச்சு, ஏழை வயித்துக்கும் ஆச்சு. இங்க என்ன நடக்குது? மண்வாரி இயந்திரம் அள்ளி லோரியில கொட்டுது. அத்தனையும் சாப்பிடுற பொருள். பேக்டரியில ரிஜெக்ட் ஒரு பெட்டி கூடினாலே மேனேஜர் எங்களக் கூப்பிட்டுக் கேள்வி கேக்குறார். இங்க கேக்க ஆளில்ல. பயனீட்டாளர் சங்கம் பல வருசமா குறைங்கன்னு சொல்லுது, நாமதான் காதுல வாங்கல.

பக்கத்துக் குழு ஐந்நூறு போட்டா நாம ஆயிரம் போடணும்னு நினைக்கிறது நேர்த்திக்கடன் இல்லீங்க, வீம்பு. நாங்களும் வாலிப வயசுல அப்படி மூட்டை மூட்டையா இறக்கினவங்கதான். மறைக்கல.

108 தேங்காய் வேண்டிக்கிட்டீங்களா? ஒண்ணை ரதத்துக்கு முன்னால உடைங்க. மிச்சம் 107-ஐ அன்னதான சமையலுக்குக் குடுங்க. குருக்கள் ஐயாகிட்ட கேட்டோம், அதுவும் காணிக்கைதான்னு சொன்னார். உடைக்கிற இடத்தையும் கயிறு கட்டித் தனியா ஒதுக்கிட்டா, பால்குடம் எடுக்கிற அம்மாமாரும் பிள்ளைங்களும் ஓரமா நிம்மதியா நடக்கலாம்.

தண்ணீர்ப் பந்தல் பத்தியும் ஒரு வார்த்தை. பினாங்குல போலிஸ்திரினுக்கு எப்பவோ தடை வந்தாச்சு. அதுக்குப் பதிலா இப்ப பிளாஸ்டிக் கப். ஒரு வாய் மோர் குடிச்சிட்டுக் கால்வாயில போடுறாங்க. கப்புல மழைத்தண்ணி நின்னா ஏடிஸ் கொசு, அப்புறம் டிங்கி. வீட்டுல இருந்து ஆளுக்கொரு எவர்சில்வர் தம்ளர் எடுத்திட்டு வாங்க, நாங்க ஊத்தித் தர்றோம். பாட்டுச் சத்தத்தையும் குறைச்சு வைங்க. கைக்குழந்தைங்க தூக்கிப் போட்டு அலறுது.

இந்த வருசம் எங்க பந்தல்ல தேங்காய் வாங்கி வைக்கத் தனி மேசை போடுறோம். துருவுறதுக்கும் கீறுறதுக்கும் பத்துப் பேர் வேணும். வர்றவங்க ஞாயித்துக்கிழமை காலைப் பூசை முடிஞ்சு மண்டபத்துக்குப் பின்னால வந்து பேர் குடுங்க. அருவாமனை இருந்தா கையோட கொண்டு வாங்க, எங்ககிட்ட ரெண்டுதான் இருக்கு.