பீரோவில் பூட்டிய கிளப்

2019 மார்ச் 9, சனிக்கிழமை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஏறி, ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகக் கோயம்புத்தூர் போய் இறங்கி, நேரு ஸ்டேடியத்தில் நானும் இரண்டு நண்பர்களும் உட்கார்ந்திருந்தோம். ஐ-லீகின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்சி ஜெயித்தால் சாம்பியன். வழுக்கினால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். எதிரே மினர்வா பஞ்சாப், முந்தைய வருஷத்துச் சாம்பியன். ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே அவர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். இடைவேளை வரைக்கும் வயிற்றைப் பிசைந்தது. பிறகு பெட்ரோ மான்சியின் பெனால்டி. அதன் பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், டிஃபெண்டர் கௌரவ் போராவின் இரண்டு கோல்கள். 3-1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்துவிட்டது. 43க்கு 42, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை நம்மிடம் வந்தது.

இரண்டு மாதம் கழித்து, மே மாதத்தில், மதுரையின் சேது எஃப்சி மணிப்பூர் போலீஸை 3-1 என்று தோற்கடித்து இந்தியப் பெண்கள் லீகை ஜெயித்தது. அதாவது 2019ஆம் வருஷக் கோடையில் ஐ-லீக் கோப்பை, பெண்கள் லீக் கோப்பை இரண்டுமே தமிழ்நாட்டில் இருந்தன. இதைச் சொன்னால் இன்றைக்கும் பாதிப்பேர் "நெசமாவா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஏனென்றால் 2021-22 ஐ-லீக் அட்டவணையில் சென்னை சிட்டி எஃப்சி என்ற பெயரே இல்லை. மூன்று வருஷம்கூட ஆகவில்லை. ஒரு சாம்பியன் கிளப் காணாமல் போனது. கோயம்புத்தூரில் ஒரு ஊர்வலம் இல்லை, ஒரு பேனர் இல்லை. ஒரு தியேட்டரை இடித்து கல்யாண மண்டபம் கட்டினால்கூட நம் ஊரில் நாலு பேர் கண்ணீர்க் கட்டுரை எழுதுவார்கள். இதற்கு எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எனக்குத் தெரியும். கோவிட். ஸ்பான்சர் இல்லை. கிரிக்கெட் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. ஐஎஸ்எல் வந்த பிறகு ஐ-லீகை யாரும் மதிக்கவில்லை. எல்லாமே ஓரளவு உண்மை. ஆனால் அந்த கிளப் எந்த ஊருக்குச் சொந்தம் என்று யோசித்துப் பாருங்கள். பெயரில் சென்னை. மைதானம் கோயம்புத்தூரில். 2020இல் ஆசிய அளவில் ஆடும் வாய்ப்பு வந்தபோது, பஹ்ரைனின் அல் ரிஃபாவோடு ஆடிய 'ஹோம்' மேட்ச் நடந்தது அகமதாபாத்தில். 0-1 என்று தோற்றார்கள். மார்ச்சில் மாலத்தீவின் மாசியாவோடு ஆடிய ஏஎஃப்சி கோப்பை 'ஹோம்' மேட்ச்சும் அகமதாபாத்தில்தான். நான் எழுதும் மென்பொருளில் இப்படி ஒரு முகவரி மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தால், அதை பக் என்று சொல்வோம்.

எங்கள் தொழிலில் 'பஸ் ஃபேக்டர்' என்று ஒரு வார்த்தை உண்டு. ஒரு ப்ராஜெக்டில் எத்தனை பேர் மேல் பஸ் ஏறினால் அந்த ப்ராஜெக்ட் நின்றுபோகும் என்பது கணக்கு. ஒரே ஆள்தான் எல்லாவற்றையும் வைத்திருக்கிறார் என்றால் பஸ் ஃபேக்டர் ஒன்று. கேட்க விளையாட்டாக இருக்கும், ஆனால் நல்ல டீம் லீட் இதை நினைத்துத் தூக்கமில்லாமல் கிடப்பார். இந்தியக் கால்பந்தின் கதை முழுக்கவே பஸ் ஃபேக்டர் ஒன்றின் கதை. 1996-97இல் முதல் தேசிய லீகை ஜெயித்த பக்வாராவின் ஜேசிடி, ஆலை முதலாளிகளின் டீம், 2011இல் மூடப்பட்டது. 2005-06 சாம்பியன் மஹிந்திரா யுனைடெட் 2010இல் கலைக்கப்பட்டது. இவை எல்லாம் தோற்றுத் தோற்று நொடித்துப்போன டீம்கள் இல்லை, கோப்பை வாங்கிய டீம்கள். மேலே யாரோ ஒருவர் ஒரு மீட்டிங்கில் ஒரு வரியை அடித்தார், அவ்வளவுதான். ஐஎஸ்எல் என்ன பெரிய வித்தியாசம்? சம்மேளனத்துக்கும் லீகை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிகிறது என்பதற்காக, ஜூலையிலேயே மொத்த லீகையும் நிறுத்திவைத்தார்கள். மைதானத்தில் புல் இருந்தது, ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், பார்க்க ஆட்களும் இருந்தார்கள். ஒரு பேப்பர் இல்லை.

பெரிய கிளப்புகளை மட்டும் திட்டுவது சுலபம். திண்டுக்கல்லுக்கு வருகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பிலிருந்து கல்லூரி சேரும் வரை ஒரு கிளப்பில் ஆடினேன். பெயர் வேண்டாம். அதை நடத்தியவர் ஒரு பி.டி. சார். ஓய்வு பெறுவதற்கு முன்பும் பின்பும் அவர்தான் அந்த கிளப். பந்து வாங்குவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, வெளியூர் மேட்ச்சுக்கு வேன் பேசுவது, திரும்பி வரும்போது பரோட்டா வாங்கித் தருவது, எல்லாமே அவர். பென்ஷன் பணம் எவ்வளவு அதில் போனது என்று அவர் வீட்டில்தான் தெரியும். சங்கப் பதிவுச் சான்றிதழ், மினிட்ஸ் புத்தகம், ரசீதுகள், லீக் பதிவு எல்லாம் அவர் வீட்டு பீரோவில். ஒரு நாள் பக்கவாதம் வந்து படுத்தார். அடுத்த சீசனில் டீம் இல்லை. பீரோ சாவியை அம்மாவிடம் கேட்க எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை, கேட்டிருந்தாலும் அந்தக் காகிதங்களை வைத்து என்ன செய்வது என்று தெரிந்திருக்காது. உலகத்துக்கே பூட்டு செய்து விற்ற ஊரில் ஒரு கிளப் இப்படிப் பூட்டிக்கொண்டது.

இதைச் சொல்லும்போதெல்லாம் "எப்பேர்ப்பட்ட மனுஷன்!" என்கிறார்கள். உண்மை. ஆனால் அந்தப் பாராட்டில் ஒரு மோசடி இருக்கிறது. தியாகியைக் கும்பிடுவதன் மூலம் நாம் வேலையிலிருந்து கழன்றுகொள்கிறோம். சாரின் தியாகம் எங்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தது, ஒரு கிளப்பை எப்படி நடத்துவது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. பதினெட்டு வயதில் எவன் கேட்பான், "சார், வருடாந்திரக் கணக்கு எங்கே தாக்கல் பண்றீங்க?" என்று?

அப்புறம் டிராகன்ஸ். திண்டுக்கல் டிராகன்ஸ் 2024 ஆகஸ்டில் அஸ்வின் தலைமையில் டிஎன்பிஎல் கோப்பையை வாங்கியது. சந்தோஷம்தான், நானும் ஸ்டேட்டஸ் வைத்தேன். இந்த ஊர்ப் பெயரில் ஒரு டீம் இருக்கிறது, அதன் மைதானம் நத்தத்தில் ஒரு கல்லூரிக்குள் இருக்கிறது, ஆட்டக்காரர்கள் ஏலத்தில் வருகிறார்கள். ஊர் கொடுத்தது பெயர் மட்டும். அதற்கு வாடகைகூட வாங்கவில்லை. கிரிக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகும், டிவி பணம் தாங்கும். கால்பந்துக்கும் அதே மாதிரி ஒரு 'திண்டுக்கல் ஏதோ எஃப்சி' வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. வரும். மூன்று வருஷம் ஆடும். ஜெர்சி விற்கும். போய்விடும்.

சென்னை சிட்டியின் கதையில் யாரும் பேசாத ஒரு பகுதி உண்டு. 2019 தொடக்கத்தில் ஸ்விட்சர்லாந்தின் எஃப்சி பாசல் அந்த கிளப்பில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஐரோப்பியப் பணம், ஐரோப்பிய அறிவு என்று எல்லோரும் புல்லரித்தோம். ஆனால் அதே பாசலுக்கு 2021இல் என்ன ஆனது? அதன் பெரும்பங்குக்காரர் பெர்ன்ஹார்ட் புர்கெனர், லண்டன் முதலீட்டு நிறுவனமான சென்ட்ரிகஸோடு பேச்சு நடத்துகிறார் என்று தெரிந்ததும் ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த கிளப்பில் உறுப்பினர்களின் சங்கம் ஒன்று தனியாக இருக்கிறது, அதற்குப் பங்கும் குரலும் உண்டு. மே மாதத்தில் புர்கெனர் விலகி, முன்னாள் ஆட்டக்காரர் டேவிட் டேகன் கைக்கு கிளப் போனது. டேகன் நல்லவரா கெட்டவரா என்பது வேறு விஷயம். ஒரே வருஷத்தில், பங்கு வாங்கிய கிளப்பில் ரசிகர்கள் முதலாளியை அசைத்தார்கள். பங்கு விற்ற கிளப் சத்தமில்லாமல் காணாமல் போனது. பாசலிடமிருந்து நாம் இறக்குமதி செய்திருக்க வேண்டியது அந்தச் சங்கத்தை. கோச்சிங் மேனுவலை இல்லை.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ல நடக்கும் தம்பி" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அண்ணே, நம் ஊரில் நடக்காததா? கிராமத்துக் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிறோம். வீட்டுக்கு இவ்வளவு என்று முடிவாகிறது, நோட்டில் எழுதுகிறார்கள், திருவிழா முடிந்ததும் மைக்கில் வரவு செலவு வாசிக்கிறார்கள். பந்தல்காரனுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று. தப்பாக வாசித்தால் கூட்டத்திலிருந்து ஒருத்தன் எழுந்து கேட்பான். சின்னாளபட்டியில் நெசவாளர்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்துச் சுங்குடிச் சேலை விற்றிருக்கிறார்கள். சேர்ந்து காசு போட்டு, சேர்ந்து சண்டை போட்டு, ஒரு காரியத்தை வருஷா வருஷம் நடத்தத் தெரிந்த ஜனம்தான் இது. கால்பந்து என்று வந்ததும் ஏன் ஸ்பான்சரைத் தேடி ஜவுளிக்கடை வாசலில் நிற்கிறோம்?

கணக்கு போட்டுப் பார்க்கலாம். திண்டுக்கல் டவுனில் 2011 கணக்கெடுப்புப்படியே இரண்டு லட்சத்துக்கும் மேல் ஜனம். அதில் 500 பேர் மாதம் 100 ரூபாய் கொடுத்தால் வருஷத்துக்கு 6 லட்சம். இரண்டு பிரியாணி காசு இல்லை அது. மாவட்ட லீகில் ஆண்கள் டீம் ஒன்று, பெண்கள் டீம் ஒன்று, சிறுவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் பயிற்சி, கோச்சுக்கு ஒரு கௌரவமான தொகை. சிக்கனமாக நடத்தினால் ஒப்பேற்றலாம். ஐஎஸ்எல்லுக்குப் போக முடியாது. போக வேண்டாம்.

ஆனால் தலைக்கட்டு வரியை அப்படியே எடுக்கச் சொல்லவில்லை. தலைக்கட்டு என்றால் யார்? கல்யாணமான ஆண். பெண்ணுக்குக் கணக்கில்லை. ஊருக்கு வெளியே குடியிருப்பவர்களிடம் பல இடங்களில் வரியே வாங்க மாட்டார்கள், ஏனென்றால் வரி வாங்கினால் உரிமை கொடுக்க வேண்டும். நம் கால்பந்திலும் இது உண்டு. எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு டீம். தெரு என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டோர்னமென்ட் போஸ்டரில் யார் படம் பெரிதாக இருக்கிறது என்று பார்த்தால் போதும். ஆகவே புது கிளப்பின் விதியில் முதலிலேயே எழுத வேண்டும்: எந்தத் தெருவாக இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு, பெண்கள் டீம் இல்லாமல் ஆண்கள் டீம் களத்தில் இறங்காது, நிர்வாகக் குழுவில் யாரும் இரண்டு தடவைக்கு மேல் இருக்கக் கூடாது. சேது எஃப்சியும், 2018இல் தேசிய சீனியர் பெண்கள் கோப்பையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த பெண்களும் இருக்கும் மாநிலத்தில், 'லேடீஸ் டீம் அப்புறம் பாத்துக்கலாம்' என்று சொல்கிறவரை வாசலிலேயே நிறுத்திவிடலாம்.

உறுப்பினர்கள் நடத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. பார்சிலோனா உறுப்பினர்களின் கிளப்தான். அவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர்கள் வாங்கிவைத்த கடனில் 2021இல் மெஸ்ஸியையே வைத்துக்கொள்ள முடியாமல் அழுதுகொண்டே அனுப்பினார்கள். சங்கம் என்றால் கோஷ்டி வரும், தேர்தல் வரும், கணக்கில் ஓட்டை வரும். ஆனால் பார்சிலோனா இன்னும் இருக்கிறது. திட்ட ஆள் இருக்கிறது, திட்டுவதற்கு ஒரு பொதுக்குழு இருக்கிறது. 2002இல் விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று இங்கிலாந்துச் சம்மேளனம் நியமித்த குழு தீர்ப்புச் சொன்னபோது, ரசிகர்கள் சில வாரங்களில் புது கிளப் ஆரம்பித்தார்கள். பொது மைதானத்தில் ட்ரையல்ஸ் வைத்து ஆள் எடுத்தார்கள். ஒன்பதாவது அடுக்கு லீகில் தொடங்கி 2011இல் நான்காவது அடுக்குக்கு வந்தார்கள். 2020இல், பழைய மைதானம் இருந்த அதே பிளவ் லேனில், ரசிகர்களிடமே கடன்பத்திரம் விற்றுக் கட்டிய மைதானத்தில் ஆட ஆரம்பித்தார்கள். கோயம்புத்தூரில் 2021இல் அப்படி ஒரு ட்ரையல்ஸ் நடந்திருக்கலாம். அந்த ஸ்டேடியத்தில் மார்ச் 9 அன்று தொண்டை கிழியக் கத்திய நாங்களே போயிருக்கலாம். எங்களுக்குத் தோன்றவே இல்லை. ரசிகன் என்றால் டிக்கெட் வாங்குபவன் என்றே எங்களை நாங்கள் நினைத்திருந்தோம்.

இதைப் படிக்கும் தம்பி, தங்கைகளிடம் ஒன்று கேட்க வேண்டும். ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்து சாம்பியன்ஸ் லீக் பார்க்கிறீர்கள். பயர்னின் மேனேஜ்மென்ட் பற்றி இழை இழையாகப் பதிவு எழுதுகிறீர்கள், ஜெர்மனியின் 50+1 விதி உங்களுக்கு மனப்பாடம். உங்கள் மாவட்டக் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் யார்? லீக் எந்த மைதானத்தில் நடக்கிறது? எனக்கும் முப்பத்தைந்து வயது வரை பதில் தெரியாது. கேவலம்தான்.

போன மாதம் பி.டி. சார் வீட்டுக்குப் போனோம். சார் இப்போது இல்லை. அம்மா எங்களை அடையாளம் கண்டுகொண்டார், "நீ லெஃப்ட்ல ஓடுவியே" என்றார். நான் கோல்கீப்பர். பீரோவைத் திறந்து ஒரு மஞ்சப்பையை எடுத்துக் கொடுத்தார். சான்றிதழ் இருந்தது. மினிட்ஸ் புத்தகத்தில் பல வருஷங்களாக ஒரே கையெழுத்து, எல்லாக் கூட்டத்திலும் 'ஏகமனதாக'. பழைய பதிவை உயிர்ப்பிக்கிற அலைச்சலுக்குப் புதிதாகப் பதிவு செய்வதே மேல் என்று முடிவெடுத்தோம். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், அதில் இரண்டு பேர் பெண்கள். ஆறாவதாக என்னோடு ஆடிய ஒருத்தனுக்கு போன் போட்டேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருக்கிறான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடா, ஸ்பான்சர் யாரு?" என்றான்.

நூறு ரூபாய் ஜிபேயில் அனுப்பச் சொன்னேன். இன்னும் வரவில்லை.