பாட்டியின் எலும்பும் உங்கள் விளையாட்டு மணியும்

"பாட்டி வாசற்படியில் தடுக்கி விழுந்தாள், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது." இப்படி ஒரு செய்தியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். எலும்பு முறிந்தது நேற்று. அதன் வலிமையில் பெரும்பகுதி முடிவானதோ, பாட்டிக்கு உங்கள் வயது இருந்தபோது.

எலும்பு செங்கல் அன்று; உயிருள்ள திசு. ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பை அரித்தெடுக்க, மற்றொரு வகை புதிதாகக் கட்டுகின்றன. இளமையில் கட்டுமானம் மிஞ்சும். நடுவயதுக்குப் பின் அரிப்பு மிஞ்சும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அது விரைவுபடும். கனடாவின் சாஸ்கச்சவானில் சிறுவர் சிறுமியரை ஆண்டுதோறும் அளந்து பார்த்தார்கள். முதிர்ந்த எலும்பிலுள்ள தாதுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, வளர்ச்சி மிக வேகமாக இருக்கும் இரண்டே ஆண்டுகளில் சேர்ந்துவிடுகிறதாம்! அந்த ஆண்டுகள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் கழிபவை.

காஞ்சிபுரத்துக்கு வாருங்கள். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்பவர் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுதும் வீட்டுக்குள் அமர்ந்திருக்கிறார். தெருவில் பாவு நீட்டும் வேலையும் இளங்காலையில்தான். சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். அதைத் தோலில் உண்டாக்கும் புற ஊதாக் கதிர் இளவெயிலில் மிகக் குறைவு. கண்ணாடி சன்னலைத் தாண்டியும் வராது. காஞ்சிக்கு அதிகத் தொலைவில்லாத திருப்பதியில் ஆராய்ந்த மருத்துவர்கள், காலை 11 முதல் பிற்பகல் 2 மணி வரையே அது மிகுதியாக உண்டாவதாகக் கண்டனர். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் நாட்டில் இந்த வைட்டமினுக்குப் பஞ்சம்!

நெசவாளராவது பிழைப்புக்காக நிழலில் இருக்கிறார். பத்தாம் வகுப்பு மாணவரை அடைத்து வைப்பது யார்? காலையில் தனி வகுப்பு, மாலையில் தனி வகுப்பு. நடுவில் இருக்கும் ஒரே விளையாட்டு மணியையும் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது. இது தவறு என்றே சொல்வேன். எலும்பு தன்மீது விழும் சுமைக்கேற்பத் தடிக்கும். டென்னிஸ் வீரரின் மட்டை பிடிக்கும் கையெலும்பு மறுகையைவிடப் பருத்திருக்கும். எடையற்ற விண்வெளியில் வாழ்பவரோ, தக்க பயிற்சியில்லாவிட்டால், இடுப்பெலும்புத் தாதுவில் மாதம் 1 சதவீதத்துக்கு மேலும் இழப்பார். கபடியும் கயிறு தாண்டுதலும் பொழுதுபோக்கு மட்டுமல்ல.

உணவிலும் கவனம் வேண்டும். 100 கிராம் அரிசியில் சுமார் 10 மில்லிகிராம் கால்சியம். கேழ்வரகில் ஏறத்தாழ 350. (காஞ்சிபுரம் இட்லியை விடச் சொல்லவில்லை, அதனுடன் ஒருவேளை கூழும் இருக்கட்டும்!)

பாட்டிக்கோ இன்று முதல் தேவை, விழாமலிருப்பது. ஈரமான முற்றம், இருட்டுப் படி, கண்புரை ஆகியவற்றை வீட்டில் நீங்களே கவனிக்கலாம்.

அடுத்த விளையாட்டு மணியில் ஆசிரியர் கணக்குப் புத்தகத்துடன் வந்தால், மரியாதையாக எழுந்து நின்று இந்தப் பக்கத்தை அவரிடம் நீட்டுங்கள்.