அடித்த கை எவருடையது?

இசைப்பதிவு நிலையங்களில் இன்று சர்வசாதாரணமாக நடைபெறும் ஒரு காரியத்தைப் பற்றி நமது இலக்கிய வட்டங்களில் எவரும் பேசக் காணோம். ஒருவர் டிரம்ஸ் வாசிக்கிறார், அது பதிவாகிறது. பின்னர் மென்பொருளொன்று, ஒலி குறித்தவொரு மட்டத்தைத் தாண்டும் இடங்களையெல்லாம் அடிகளெனக் கொண்டு, வாசித்தவரின் ஒலியை அகற்றி, வேறெங்கோ வேறொருவர் அடித்துப் பதிந்த ஒலியை அவ்விடங்களில் அமர்த்துகிறது. சிலவேளை இரண்டையும் கலந்தும் விடுகிறார்கள். கேட்பவர்க்குப் பெரும்பாலும் வேறுபாடு தெரிவதில்லை. 'தெரியாதபோது உமக்கென்ன குறை?' என்பது இதனை ஆதரிப்போரின் கேள்வி.

இயந்திரத்தைக் கண்டு மருளும் தூய்மைவாதிகளோடு எனக்கு உறவில்லை. நல்ல மண்டபமும் விலையுயர்ந்த ஒலிவாங்கிகளும் வாய்க்காத ஏழைக் குழுவொன்றுக்கு இம்மென்பொருள் கைகொடுக்குமாயின் நன்றே. 1982இல் பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் லண்டன் கிளையொன்று மின்னிசைக் கருவிகளுக்கும் டிரம் இயந்திரங்களுக்கும் தடை கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. வேலை பறிபோகும் என்ற அவர்களது அச்சம் நியாயமானது. கேட்ட பரிகாரந்தான் பிழையானது. கருவியைத் தடுக்க முற்பட்டார்களேயன்றி, கருவிக்குள் அடைபட்டிருக்கும் உழைப்புக்குக் கணக்குக் கேட்டார்களில்லை.

ஏனெனில் இந்த இயந்திரம் தானாக எதையும் அடிப்பதில்லை. ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தால் இயந்திரத் துப்பாக்கி போலிருக்கிறது என்று துறையினரே முகஞ்சுளிப்பர். ஆகவே, மெல்லிய அடி, நடுத்தர அடி, வன்மையான அடி என ஒரே மேளத்தில் எழுப்பிய எண்ணற்ற ஒலிகளைத் திரட்டி, அவற்றை மாறிமாறி ஒலிக்க விடுகின்றனர். மென்பொருள் எவ்வளவுக்கெவ்வளவு 'இயற்கை'யாகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு மனிதக் கைகளை அது விழுங்குகிறது என்பதே உண்மை.

விழுங்கியவற்றுக்கு என்ன கைம்மாறு கிடைத்தது? அமெரிக்காவில் ரோஜர் நிக்கொல்ஸ் என்னும் ஒலிப்பதிவாளர், ஸ்டீலி டான் குழுவின் 'கௌச்சோ' (1980) இசைத்தட்டுக்காக 'வெண்டெல்' என்ற கருவியை ஆக்கினார். அதன் வயிற்றில் இருந்தவை மனிதர் அடித்த அடிகளே. விற்பனை உயர்ந்தபோது அக்கருவிக்கே ஒரு பிளாட்டினத் தட்டுப் பரிசளித்தார்கள். வேடிக்கைக்காகச் செய்திருக்கலாம், எனினும் ஒரு தொழிலின் மனம் அதன் வேடிக்கைகளிலேதான் வெளிப்படுகிறது.

இதற்கெதிரே கிளைட் ஸ்டபிள்ஃபீல்டை நிறுத்திப் பாருங்கள். 1969இல் ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் அவர் வாசித்த சில விநாடித் தாளம், பின்னாளில் நூற்றுக்கணக்கான இசைத்தட்டுகளில் வெட்டி ஒட்டப்பட்டது. பாட்டின் ஆக்கவுரிமை பிரவுனின் பெயரில் இருந்தது. தாளம் ஆக்கமெனக் கொள்ளப்படவில்லை. 2017இல் ஸ்டபிள்ஃபீல்ட் காலமானார். அந்த வெட்டுத்துண்டுகள் ஈட்டிய செல்வத்தில் உரிமைப் பங்கென்று அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அவரது தாளத்தின் உயிர் எங்கே இருக்கிறது? இரண்டு பேரடிகளுக்கிடையே இடதுகை ஸ்னேர் மேளத்தை வருடிச் செல்லும் மிக மெல்லிய தொடுகைகளிலே. மென்பொருளின் மட்டத்தை உயர்த்தினால் முதலில் மறைவன அவையே. தாழ்த்தினாலோ, பக்கத்துத் தாளத்தட்டிலிருந்து ஒலிவாங்கிக்குள் கசியும் ஓசையையும் அது அடியென மயங்கும். பொறுமையுள்ள ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்த் திருத்தினாலன்றி அத்தொடுகைகள் பிழைப்பதரிது. அவசரமும் செலவும் ஆளும் சந்தையில் அவ்வளவு பொறுமைக்கு யார் காசு கொடுப்பர்? நூறு கலைஞர்களின் நூறு விதமான கைப்பதங்கள் போய், விலைக்கு வாங்கிய அதே சில ஒலிகள் தட்டுக்குத் தட்டுக் கேட்பதன் காரணமும் இதுவே.

'நாட்கூலி பெற்றுக்கொண்டு அடித்தான். கணக்கு அத்தோடு தீர்ந்தது' என்பர் ஒப்பந்தம் பேசுவோர். தேயிலைக் கொழுந்துக்கும் இதே கணக்கைச் சொல்லக் கேட்டவர்கள் நாம். புகழ்பெற்ற சிலர் தம் பெயராலேயே ஒலித்தொகுப்பு விற்கிறார்கள் என்பதும் மெய்தான். பெயரில்லாதவரைப் பற்றியே நான் கேட்கிறேன். இசைத்தட்டின் உறையில் ஒலிப்பதிவாளரின் பெயர் உண்டு. ஒலியைக் கலந்தவரின் பெயர் உண்டு. நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் நன்றி உண்டு. மாற்றி வைக்கப்பட்ட அடி எவர் கையிலிருந்து பிறந்தது என்ற ஒரு வரியை அங்கே அச்சிட எவ்வளவு இடம் வேண்டும்?