திங்கட்கிழமை விமானம்

வாரம் ஒருமுறை விமானத்தில் வேலைக்குப் போய்வருகிறவர் என்று சொன்னால், பெரிய கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவர்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். எங்கள் வடசென்னைப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் வேறு மாதிரி. அப்பா எண்ணூர் லேலண்டிலோ, எம்.ஆர்.எஃப்-பிலோ, துறைமுகத்திலோ ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளை பொறியியல் படித்துவிட்டு ஐதராபாத் கச்சிபௌலியிலோ பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியிலோ வேலை பார்க்கிறார். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்தவரை, வாரத்தில் மூன்று நாளாவது நேரில் வா என்று அலுவலகம் திரும்பக் கூப்பிட்டுவிட்டது. குடும்பத்தை அங்கே மாற்ற வழியில்லை. அம்மாவுக்கு ஸ்டான்லி மருத்துவமனையில் வைத்தியம் நடக்கிறது. மனைவிக்கு இங்கே அரசு வேலை. பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு. ஆகவே திங்கள் போய் வியாழனோ வெள்ளியோ திரும்புகிறார்கள். நானும் சில வருடங்கள் அப்படிப் பறந்தவன். அந்தப் பணம் எங்கே போகிறது, எதை மிச்சம் பிடிக்கலாம் என்று இவர்களுக்காகத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

காலடிப்பேட்டையில் எங்கள் தெருப் பெண் ஒருவர் ஐதராபாத்துக்குப் போய்வருகிறார். அவர் சொன்ன கணக்கு இது: "டிக்கெட்டு மூவாயிரம்ணே. வீட்லேருந்து ஏர்போர்ட்டுக்குக் காரு எண்ணூறு, அங்க எறங்கி ரூமுக்குப் போக இன்னொரு ஆயிரம். வானத்துல போற காச விட ரோட்டுல போற காசுதான்ணே கண்ண உறுத்துது." உறுத்தத்தான் வேண்டும். திருவொற்றியூரிலிருந்து மீனம்பாக்கம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அதிகாலையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால், கார்க்காரர் கேட்கிற தொகையைக் கொடுத்துவிட்டுப் பதற்றத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்தச் செலவை ஒரே அடியாகக் குறைத்தது மெட்ரோ. விமான நிலையத்துக்கு மெட்ரோ 2016 செப்டம்பரிலேயே வந்துவிட்டது; ஆனால் வடசென்னைக்கு அதனால் பயனில்லை. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை வந்தது. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான 9 கிலோமீட்டர் திறக்கப்பட்டபோதுதான் நீல வழித்தடம் முழுமையாயிற்று. திருவொற்றியூர் தேரடியும் விம்கோ நகர் பணிமனை நிலையமும் அடுத்த ஆண்டு மார்ச்சில் சேர்ந்துகொண்டன. அதே 2021 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைந்தது. பயண அட்டைக்கு 20 சதவீதத் தள்ளுபடி உண்டு என்பதால், விம்கோ நகரில் ஏறி விமான நிலையத்தில் இறங்க 40 ரூபாய். வண்டி மாற வேண்டியதில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம். எண்ணூர், கத்திவாக்கத்துக்காரர்கள் கும்மிடிப்பூண்டி மார்க்க மின்ரயிலில் விம்கோ நகருக்கு வந்து மெட்ரோவுக்கு மாறிக்கொள்ளலாம். ராயபுரத்துக்காரர்களுக்கு வண்ணாரப்பேட்டை பக்கம். வாரத்துக்கு இரண்டு முறை கார் என்று ஆயிரத்து அறுநூறு ரூபாய் கொடுத்தவருக்கு இப்போது 80 ரூபாயில் முடிகிறது. டிக்கெட் விலையைக் குடைந்து குடைந்து பார்க்கிறவர்கள் பலர் இந்த மிச்சத்தை இன்னும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வெள்ளி இரவு திரும்பும்போது பத்து மணிக்குள் தரையிறங்கும் விமானத்தைப் பார்த்து எடுத்தால், பெட்டிக்காகக் காத்திருக்காமல் கடைசி மெட்ரோவைப் பிடித்துவிடலாம். அடுத்த விமானம் இருநூறு ரூபாய் மலிவு என்று எடுத்து நள்ளிரவில் இறங்கினால் காருக்கு எண்ணூறு ரூபாய் போகும். அந்தப் பக்கத்திலும் இதே பார்வை வேண்டும். ஷம்சாபாத் விமான நிலையத்துக்கு மெட்ரோ இல்லை. ஆனால் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் புஷ்பக் பேருந்து உண்டு. பெங்களூரில் வாயு வஜ்ரா பேருந்து உண்டு.

டிக்கெட்டுக்கு வருவோம். ஒரே விமானத்தின் இருக்கைகளை விமான நிறுவனம் பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. மலிவான படி முதலில் தீரும். பிறகு அடுத்த படி. திங்கள் காலையும் வெள்ளி மாலையும் இந்தப் படிகள் வேகமாகத் தீர்ந்துவிடும், ஏனென்றால் எல்லோருக்கும் அந்த நேரம்தான் வேண்டும். ஆனால் திடீரென்று கிளம்புகிறவருக்கு இல்லாத ஒரு வசதி வாராந்தரப் பயணிக்கு இருக்கிறது: இரண்டு மாதத்துக்குத் தேதி இப்போதே தெரியும். மாத ஆரம்பத்தில் உட்கார்ந்து அடுத்த மாதத்தின் நான்கு வாரத்தையும் எடுத்துவிடுகிறவர், வியாழக்கிழமை தோறும் செல்போனைத் தடவிக்கொண்டிருப்பவரை விடக் குறைவாகவே கொடுக்கிறார். அலுவலகம் மூன்று நாள்தான் கேட்கிறது என்றால், செவ்வாய், புதன், வியாழன் என்று கேட்டு வாங்குங்கள். திங்கள் இரவு போய் வியாழன் இரவு திரும்பினால் விலை இறங்கும். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். மேலாளரிடம் ஒருமுறை பேசிப் பெறுகிற இந்த அனுமதி, வருடம் முழுக்கத் தள்ளுபடிக் கூப்பனைத் தேடுவதை விட அதிகம் மிச்சம் தரும்.

நம் உள்நாட்டு டிக்கெட்டுகளுக்குப் பெரும்பாலும் போகும் வழிக்குத் தனி விலை, வரும் வழிக்குத் தனி விலை. ஆகவே இரண்டையும் ஒரே நிறுவனத்தில் எடுக்க வேண்டிய கட்டாயமில்லை. இரண்டு ஊரிலும் துணிமணி வைத்திருக்கிறவருக்கு 15 கிலோ பெட்டி தேவையில்லை. கைப்பையோடு மட்டும் போகிறவருக்கென்று சில நிறுவனங்கள் குறைந்த கட்டணம் வைத்திருக்கின்றன. பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் சேருகிற வசதிக் கட்டணம், இருக்கைக் கட்டணம், காப்பீடு, சாப்பாடு இவற்றை ஒருமுறைக்குப் பார்த்தால் சில்லறை. மாதத்துக்கு எட்டு விமானம் என்றால் அது ஒரு டிக்கெட்டின் விலைக்கு வந்து நிற்கும். நடு இருக்கையில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகிவிடாது. செலவைக் கம்பெனி ஏற்கிறது என்றால் அதன் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டே டிக்கெட் எடுங்கள். சாதாரண வகுப்புக்கு விதிக்கப்படும் 5 சதவீத வரியை அவர்கள் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியும்.

காத்திருக்கும்போது ஒரு டீ குடிக்கவும் யோசிக்க வைத்த இடம் விமான நிலையம். 2025 பிப்ரவரியில் சென்னை உள்நாட்டு முனையத்தில் உடான் யாத்ரி கஃபே திறந்தார்கள். அங்கே டீ 10 ரூபாய், காபி 20 ரூபாய், தண்ணீர் 10 ரூபாய் என்று வைத்தார்கள். எல்லா விமான நிலையத்திலும் முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டிய கடை அது.

பெங்களூருக்குப் பறக்கிறவர்களிடம் எனக்கு வேறு பேச்சு. வடசென்னைக்காரர் பெங்களூருக்கு வாராவாரம் விமானத்தில் போவது பெரும்பாலும் வீண் செலவு. சென்ட்ரல் நமக்குப் பக்கம். விமான நிலையம் ஊரின் மறுகோடி. அங்கே தேவனஹள்ளி நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி நகரத்தின் எதிர்முனையில். வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை கணக்குப் போட்டால், ஒரு மணி நேர விமானம் ஆறு மணி நேரத்தை விழுங்கும். 2022 நவம்பர் 11 முதல் ஓடும் சென்னை–மைசூரு வந்தே பாரத் ஏறக்குறைய நாலரை மணி நேரத்தில் பெங்களூரில் விடுகிறது. பெங்களூரு மெயிலில் ஞாயிறு இரவு படுத்தால் விடியுமுன் இறங்கிவிடலாம். ஸ்லீப்பரில் முந்நூறு ரூபாயை ஒட்டிய கட்டணம், விடுதி வாடகையில் ஒரு இரவும் மிச்சம். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகிவிட்டதால், அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்குத் தயாராக உட்கார வேண்டும், அவ்வளவுதான். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. இங்கே வளர்ந்தவர்களுக்கு ரயிலைப் பரிந்துரைக்கத் தயக்கம் தேவையில்லை. ஐதராபாத் வேறு கதை. இரவு ரயில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். வாராவாரம் இரண்டு இரவு அப்படிப் போனால் உடம்பு தாங்காது. அங்கே விமானத்துக்கு நியாயம் இருக்கிறது. மும்பை, கொல்கத்தாவைக் கேட்கவே வேண்டாம்.

இனிச் சொல்வதைப் பலர் தெரிந்துகொள்ளாமலே பணத்தை விட்டிருக்கிறார்கள். வாராந்தரப் பயணத்தில் நாலில் ஒரு வாரம் ஏதாவது மாறும். காய்ச்சல் வரும், கூட்டம் தள்ளிப்போகும். மலிவு டிக்கெட், பணம் திரும்பாது என்று எண்ணி அப்படியே விட்டுவிடுகிறோம். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி வேறு சொல்கிறது. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு மேல் போகக் கூடாது. டிக்கெட்டில் சேர்ந்திருக்கும் சட்டப்படியான வரிகளும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணமும் திரும்பி வந்தே ஆக வேண்டும். சலுகை டிக்கெட்டானாலும் சரி, ரத்து செய்யாமல் போகாமலே இருந்துவிட்டாலும் சரி. இடைத்தரகு இணையதளத்தில் எடுத்த டிக்கெட்டுக்கும் பணம் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் மேல்தான். எனக்கு ஒருமுறை ஒரு நிறுவனம் தர மறுத்து, அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போட்ட பிறகு கொடுத்தது. சில நூறு ரூபாய்தான். ஆனால் அது நம் பணம். அவர்கள் ரத்து செய்தாலும் அப்படித்தான்: முன்கூட்டிச் சொல்லாமல், அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்த காரணத்தால் ரத்து செய்தால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை உச்சவரம்புள்ள இழப்பீடு கேட்க உரிமை உண்டு.

விலையின் இன்னொரு பாதி நம் கையில் இல்லை. விமான நிறுவனத்தின் செலவில் எரிபொருள்தான் பெரிய தலை. அந்த எரிபொருள் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, ஒவ்வொரு மாநிலமும் தன் மதிப்புக் கூட்டு வரியைப் போடுகிறது. தமிழ்நாடு விதித்துவந்திருப்பது 29 சதவீதம், நாட்டிலேயே உயர்ந்தவற்றில் ஒன்று. வேறு சில மாநிலங்கள் 1 சதவீதம் வரைகூட இறக்கிவிட்டன. இதில் எங்கள் பகுதிக்குத் தனி வலி உண்டு. மீனம்பாக்கத்து விமானங்களுக்கான எரிபொருளுக்கு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து குழாய் போகிறது. 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற நிறுவனமாகத் தொடங்கிய அந்த ஆலையின் புகையையும் வாடையையும் மணலியும் திருவொற்றியூரும் சுவாசிக்கின்றன. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி, மீனவர்களின் படகையும் வலையையும் பாழாக்கியது. அதே ஊர்ப் பிள்ளை வேலைக்குப் போக ஏறும் விமானத்தின் எரிபொருளுக்கு அவ்வளவு வரி வாங்குவது நியாயமில்லை. வருவாய் வேண்டும் என்பது புரிகிறது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகிற பணம்தான் அது. ஆனால் வரியைக் கொஞ்சமாவது குறைத்து, அந்தக் குறைவு டிக்கெட் விலையில் தெரிகிறதா என்று கண்காணிக்க அரசால் முடியும்.

விலைக்கு உச்சவரம்பு வைக்கவும் முடியும். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்து, மற்றவற்றில் விலை தாறுமாறாக ஏறியபோது, மத்திய அரசு 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 கிலோமீட்டர் வரை 12,000 ரூபாய் என்று வரம்பு போட்டது. கொரோனா காலத்திலும் 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை கட்டண வரம்பு இருந்தது. நெருக்கடியில் செய்ய முடிந்ததைப் பண்டிகை வாரங்களில் ஏன் செய்யக் கூடாது? பொங்கலுக்கு முந்தைய வெள்ளியில் ஐதராபாத்திலிருந்து வீட்டுக்கு வருகிறவரும் நெருக்கடியில் இருப்பவர்தான்.

இவையெல்லாம் டெல்லியிலும் கோட்டையிலும் முடிவாக வேண்டியவை. சென்னை மெட்ரோ நிர்வாகம் தானே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. முதல் ரயில் காலை 5 மணிக்கு. விம்கோ நகரில் அதில் ஏறினால் விமான நிலையம் சேர ஆறு மணி. பாதுகாப்புச் சோதனை முடிப்பதற்குள் ஆறு மணி விமானம் போயிருக்கும், ஆறரை விமானத்தின் கதவும் மூடியிருக்கும். ஒன்பது மணிக்கு வேலையில் உட்கார வேண்டியவர்கள் பிடிப்பது அந்த விமானங்களைத்தான். ஆகவே திங்கட்கிழமை காலையில் மட்டும் மறுபடியும் கார், மறுபடியும் எண்ணூறு ரூபாய். மராத்தான் ஓட்டத்தன்று ஓட்டக்காரர்களுக்காக அதிகாலை 3 மணிக்கே மெட்ரோ ஓடியிருக்கிறது. அந்த ஏற்பாட்டைத் திங்கட்கிழமை காலைகளில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் செய்யுங்கள். விம்கோ நகரிலிருந்து அதிகாலை 4 மணிக்கு விமான நிலையத்துக்கு ஒரே ஒரு ரயில் விடுங்கள். விமானத்துக்குப் போகிறவர்கள் மட்டுமல்ல, விமான நிலையத்தில் காலை ஷிஃப்டுக்குப் போகும் துப்புரவுப் பணியாளரும் சென்ட்ரலில் முதல் ரயிலைப் பிடிக்கிறவரும் அதில் ஏறுவார்கள். தேரடி, டோல்கேட், தண்டையார்பேட்டை வாசகர்கள் இந்தக் கோரிக்கையை உங்கள் நிலையத்து அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.