காய் விட்டவர்களே பழம் விடட்டும்

மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வரும் சிறுமி, புத்தகப் பையை இறக்கி வைப்பதற்கு முன்பே, பக்கத்தில் உட்காரும் தோழி தன்னோடு காய் விட்டுவிட்டாள் என்று விசும்பத் தொடங்கினால், இந்நாளில் பல வீடுகளில் முதலில் எடுக்கப்படுவது கைப்பேசிதான். வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் முறையீடு பதிவாகிறது. எதிர்த்தரப்புத் தாயாரிடமிருந்து அதனினும் நீண்டதொரு மறுமொழி வருகிறது. வகுப்பு ஆசிரியை மத்தியஸ்தத்துக்கு இழுக்கப்படுகிறார். மறுநாள் மதியம் அவ்விரு குழந்தைகளும் ஒரே டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சைச் சாதம் தின்றுகொண்டிருக்க, தாய்மார் இருவர் மட்டும் பள்ளி வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள்.

குழந்தைகளின் சிநேகத்தில் எழும் சிறு பிணக்குகளை அவர்களே தீர்த்துக்கொள்ள விடுவதுதான் மனோபலத்துக்கு முதற்பாடம் என்பது என் அபிப்பிராயம். இதைக் கல்நெஞ்சம் என்று சிலர் கருதக்கூடும். ஆயினும், நம் தெருப்பிள்ளைகள் தமக்குள் வகுத்துக்கொண்டிருந்த சம்பிரதாயங்களைச் சற்று நிதானித்துப் பார்த்தவர்களுக்கு, பெரியவர்களின் பஞ்சாயத்துகளில் காணாத நயம் அவற்றில் இருந்தது விளங்கும். விரல் நீட்டிக் காய் விடுவதும் பிறகு பழம் விடுவதும் (எந்த விரல் என்பது ஊருக்கு ஊர் மாறும்) கோபத்துக்கு ஒரு வடிவம் கொடுத்து, திரும்பி வரும் வழியையும் அப்போதே திறந்து வைத்துவிடுகின்றன. யார்மீது குற்றம் என்ற விசாரணையோ, மன்னிப்புக் கேள் என்ற நிர்ப்பந்தமோ இல்லாமலே, மூன்றாவது பிள்ளை ஒன்று நடுவே தூது போய்வர, சமாதானம் முடிந்துவிடுகிறது.

உத்தி பிரிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கபடிக்கோ கிட்டிப்புள்ளுக்கோ கட்சி பிரிக்கும்போது, ஏறத்தாழச் சம பலமுள்ள இரண்டு பிள்ளைகள் ஜோடியாக ஒதுங்கிப் போய், ஒருவன் சூரியன், ஒருவன் சந்திரன் என்று இரகசியப் பெயர் சூட்டிக்கொண்டு, தோள்மேல் கை போட்டபடி தலைவர்கள் முன் வந்து நிற்பார்கள். தலைவன் பெயரைத்தான் கேட்கிறானே ஒழிய ஆளைக் கேட்பதில்லை. ஆகவே, எல்லாரையும் பொறுக்கியெடுத்த பிறகு கடைசியில் தனித்து நிற்கும் அவமானம் எந்தப் பிள்ளைக்கும் நேர்வதில்லை. பொடியனான தம்பியையும் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டு, அவன் அவுட்டானாலும் கணக்கில் வையாமல் ஆடவிடும் தாட்சண்யமும் அங்கே உண்டு. அழுகுணி ஆட்டம் ஆடினவன் மறுநாள் கூட்டுச் சேர ஆளில்லாமல் திண்டாடித் தானே வழிக்கு வருவான். இவற்றை எந்த உபாத்தியாயரும் போதித்ததில்லை. இன்றோ தெருவை வாகனங்கள் எடுத்துக்கொண்டன, எஞ்சியிருந்த பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொண்டார். அக்கடன் திரும்பி வந்ததாக எந்த மாணவனும் சொல்லி நான் கேட்டதில்லை.

பெரியவர்களுக்கு இதில் வேலையே இல்லை என்பதன்று. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளின் வாழ்க்கையை எம்மி வெர்னர் என்ற உளவியல் அறிஞர் தம் சகாக்களுடன் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். அவர்களுள் வறுமையும் குடும்பக் கலகமும் சூழ வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், அவ்வளவையும் மீறித் திறமையும் அன்பும் உள்ளவர்களாகத் தலையெடுத்தனர். பெற்றோரோ, பாட்டியோ, அண்டை வீட்டாரோ, ஆசிரியரோ, நிலையான பரிவு காட்டிய பெரியவர் ஒருவராவது அவர்களுக்கு வாய்த்திருந்தார் என்பது அந்த ஆராய்ச்சியில் தெரியவந்த முக்கியமான அம்சம். அத்தகைய பெரியவர் குழந்தைக்காக வாதாட வேண்டியதில்லை. “நான் வந்து அவளைக் கேட்கிறேன்” என்று புறப்படும் தந்தையைக் காட்டிலும், தலையை வாரிவிட்டுக்கொண்டே, “நாளைக்கு அவளைப் பார்த்தா நீ என்னடி சொல்லப்போறே?” என்று கேட்கிற பாட்டி அதிகம் செய்துவிடுகிறாள்.

ஆனால் பிணக்கு வேறு, கொடுமை வேறு. நிறத்தையும் உடலையும் சொல்லி ஒரு பிள்ளையைப் பலர் கூடி நாள்தோறும் இழிவு செய்வதும், சாதியை வண்ணக் கயிறாகக் கையில் கட்டிக்கொண்டு திரிவதும், பிள்ளைகள் தாமே தீர்த்துக்கொள்ளக்கூடிய விவகாரங்கள் அல்ல. 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவன் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டதன் பின்னர் நியமிக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, மறு ஆண்டு அளித்த அறிக்கையில் அக்கயிறுகளுக்குத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. அடிபடுகிறவனிடம் போய் மனோபலத்தை உபதேசிப்பது பாதகம். அங்கே பெரியவர்கள் தயக்கமின்றிக் குறுக்கிட வேண்டும், அவசியமானால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்க வேண்டும்.

தலைமையாசிரியர்கள் விளையாட்டுப் பீரியடை விளையாட்டுக்கே திருப்பித் தரட்டும். பெற்றோரே, இன்று மாலை உங்கள் பிள்ளை அழுதுகொண்டு வந்தால், பலகாரம் கொடுத்து, சொல்வதை முழுக்கக் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவை மட்டும் மறுநாள் மாலை வரையில் திறக்காதீர்கள்.