ஸ்பாமுக்குள் கிடக்கும் ரத்த தான அழைப்பு

1/ 150 பேர் உள்ள ரத்த தானக் குழுன்னு வச்சுக்கோங்க. "ஓ நெகட்டிவ் அவசரம்"னு மெயில் போகுது. பாதிப் பேருக்கு ஸ்பாம்ல விழுது. எப்படி?

2/ 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் அவசியம். அனுப்புபவரின் அடையாள அட்டை மாதிரி. குழு மெயிலின் அடியில் ஒரு வரி சேர்த்தாலே டிகேஐஎம் கையொப்பம் பெரும்பாலும் செல்லாமல் போகும்.

3/ மோசடி மெயிலைத் தடுக்க விதி வேணும்தான். ஆனா ஸ்பாம் வடிகட்டியும் ஒரு ஸ்கிரீனிங் டெஸ்ட். பாசிட்டிவ் வந்தா நாங்க மறுபரிசோதனை செய்வோம். இங்கே அனுப்பியவருக்குத் தகவல்கூட வராது. அதுதான் தப்பு.

4/ அந்த மறுபரிசோதனை நீங்கதான். வாரம் ஒருமுறை ஸ்பாமைத் திறந்து, "ஸ்பாம் இல்லை" அழுத்துங்க. குழு நடத்துறவங்க, அவசரம்னா போனும் பண்ணிடுங்க.