செவ்வாய்க் கோளினர் வந்த கதை



குருமடத்தில் கேட்ட நிகழ்ச்சி ஒன்றை நான் மறையுரைகளில் பலமுறை எடுத்துரைத்ததுண்டு. 1938 அக்டோபர் 30, ஞாயிறு இரவு. ஆர்சன் வெல்ஸ் என்னும் இளம் நடிகர் அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியில் நாடகம் ஒன்றை வழங்கினார். செவ்வாய்க் கோளினர் நியூஜெர்சியில் வந்திறங்கினர் என்பது கதை. அதனைச் செய்தி அறிவிப்புப் போலவே அமைத்திருந்தார். கேட்ட நாடே நடுங்கி வீதிக்கு ஓடிற்று என்று முடிப்பேன்.

அண்மையில் இதனை ஆராய்ந்து படித்தபோது நாணினேன். அவ்வேளையில் மற்றொரு நிலையத்து நகைச்சுவை நிகழ்ச்சிக்கே நேயர் மிகுதி. திகிலுற்றோர் சிலர் இருந்தனர், உண்மைதான், நாடு ஓடவில்லை. மறுநாள் செய்தித்தாள்களே அதனை ஊதிப் பெருக்கின. தம் விளம்பர வருவாயைப் பறித்த வானொலியின்மேல் அவற்றுக்கிருந்த மனக்கசப்பும் இதற்கொரு காரணம் என்பர் ஆய்வாளர்.

ஊசி வழியே மருந்து ஏறுவதுபோல் ஊடகத்தின் கருத்து மக்கள் உள்ளத்தில் ஏறும் என்பது பழைய கொள்கை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஹாட்லி கேன்ட்ரில், அவ்விரவைக் குறித்து 1940இல் நூல் வெளியிட்டார். திகிலின் அளவை அவரும் மிகைப்படுத்தினார் என்ற குறை உண்டு. ஆயினும் ஒன்றை நுட்பமாகக் கண்டார்: எல்லாரும் ஒருபடித்தாய் நம்பவில்லை. வேறு நிலையத்தைத் திருப்பிக் கேட்டவர், கதையின் முரணைக் கவனித்தவர் ஆகியோர் தெளிந்தனர்.

அப்படியாயின் ஊடகத்திற்கு வலிமையே இல்லையா? உண்டு, அது மெல்ல ஊறுவது என்றார் ஜார்ஜ் கெர்ப்னர். நெடுநேரம் தொலைக்காட்சி காண்போர், குறைவாகக் காண்போரைவிட, உலகம் கொடியது, அயலார் நம்பத்தகாதோர் என்று எண்ணத் தலைப்படுவர் என்பது அவர் முடிபு. அத்தொடர்பு சிறிதே என்று மறுப்போரும் உளர். எனக்கோ அதனை எளிதில் தள்ள மனமில்லை.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர் வழியில் கண்ட பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் உலவுகின்றனர் என்ற வதந்தி அப்போது கைப்பேசிகளில் பரவியிருந்தது. கூட்டம் அவரை அடித்தே கொன்றது. ‘அம்மா, எந்த ஊர்?’ என்று பொறுமையாய்க் கேட்டு, விடையைச் செவிமடுத்திருந்தால் போதும்.

நானும் விசாரியாமலே ஒரு கதையை ஆண்டுக்கணக்கில் பரப்பியவன். அதனை என் வாயால் கேட்டோர், தம் பிள்ளைகளிடம் திருத்திக் கூறும்படி வேண்டுகிறேன்.